கேமரா கேள்விகள்: டி.எஸ்.எல்.ஆர் போதுமா, சினிமா கேமரா வேண்டுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா, குறும்படம் என்று எல்லாம் எடுக்கிற ஸ்டூடியோ நடத்துகிறேன். கேமரா பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: வீடியோவுக்கு டி.எஸ்.எல்.ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய புகைப்படக் கேமரா) போதுமா, படம் எடுக்கவென்றே செய்த சினிமா கேமரா வேண்டுமா என்பது. அவற்றையே சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது வேலை ஈப்போவில். என் பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தை வைத்துப் பதினைந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறேன். கையில் கேனன் 80டி, 18-135 லென்ஸ், 50 எம்எம் 1.8 லென்ஸ் இருக்கின்றன. “டி.எஸ்.எல்.ஆரில் எடுத்தால் கல்யாண வீடியோ மாதிரி இருக்கும், பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே சினிமா கேமரா வாங்கிவிடு” என்கிறார்கள் நண்பர்கள். சேமிப்பு ஒன்பதாயிரம் வெள்ளி. வாங்கலாமா?
— ஒரு வாசகர், ஈப்போ

பதில்: தம்பி, வாங்காதீர்கள். படப்பிடிப்பு நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். சேமிப்பில் பெரும்பகுதி ஒலிக்கும், விளக்குக்கும், கூட வருகிறவர்களின் சாப்பாட்டுக்கும் போகட்டும். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருக்கிற குழப்பம் இங்கே கேமரா பிடிக்கிற பல பிள்ளைகளுக்கும் இருக்கிறது.

முதலில் நண்பர்கள் சொன்னதை எடுத்துக்கொள்வோம். டி.எஸ்.எல்.ஆரில் வீடியோ வந்தது 2008இல். அந்த ஆண்டு நிக்கான் டி90 முதலில் வந்தது, 720 வரிப் படம். சில வாரங்களில் கேனன் 5டி மார்க் 2 வந்தது, 1080 வரி, அதுவும் முழு ஃபிரேம் சென்சாரில், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கிற சில்லு 35 எம்எம் ஃபிலிம் அளவுக்குப் பெரிது. செய்திப் புகைப்படக்காரர்கள் புகைப்படத்தோடு சின்னச் சின்ன வீடியோத் துண்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்த வசதி அது. ஆனால் முகம் தெளிவாகவும் பின்னணி கரைந்தும் தெரிகிற படம், அதுவரை ஃபிலிம் கேமராவும் பெரிய பணமும் இருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது, திடீரென்று 2,699 டாலர் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடலில்) கிடைத்தது. 2010இல் ‘ஹவுஸ்’ என்கிற அமெரிக்கத் தொடரின் ஒரு பருவத்துக் கடைசிப் பகுதியை இதே 5டி மார்க் 2இல்தான் எடுத்தார்கள். இடிந்த கட்டடத்தின் இடுக்குக்குள் நடக்கிற கதை. பெரிய கேமரா நுழையாத இடத்தில் இது நுழைந்தது. ஆக, டி.எஸ்.எல்.ஆர் என்றாலே கல்யாண வீடியோ என்பது சரியில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்தக் கேமராவுக்குப் பின்னால் ஃபோகஸ் பிடிக்க ஓர் ஆள் இருந்தார், விளக்குக் குழு இருந்தது, ஒலிக்குத் தனி ஆட்கள் இருந்தார்கள். ஒரு கேமரா எத்தனை ஆட்களையும் எவ்வளவு நேரத்தையும் எதிர்பார்க்கிறது என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி. படத்தின் தரம் அதற்கு அப்புறம்.

சரி, படத்தில் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. உங்கள் கதையில் அது நன்றாகவே தெரியும். 80டி பதிவு செய்வது 8 பிட் வீடியோ. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். நிறம், வெளிச்சம், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்து, சுருக்கி எழுதிவிடுகிறது. கல்லில் ஊற்றிய தோசையைத் திரும்ப மாவாக்க முடியாத மாதிரி, அப்புறம் எடிட்டிங்கில் போய்ப் பெரிதாக மாற்ற முடியாது. பாக்கெட் 6கே எழுதுவது 12 பிட் ரா (கேமரா தன் முடிவைப் பூசாத மூலப் பதிவு), ஒவ்வொரு நிறத்துக்கும் 4,096 படிகள். 13 ஸ்டாப் வரை வெளிச்ச வேறுபாட்டைத் தாங்கும் என்கிறது நிறுவனம். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு என்பதால் இது சாதாரணமான வேறுபாடு கிடையாது.

நம் ஊரில் இதை எங்கே பார்க்கலாம்? பதினொரு மணி வெயிலில் செம்பனைக் காட்டுக்குள் ஒருவரை நிற்க வையுங்கள். ஓலைக்கு அடியில் முகம் இருண்டிருக்கும். ஓலை இடுக்கு வழியாக விழுகிற வெயில் அவர் தோளில் வெள்ளைத் திட்டாக இருக்கும். பின்னால் சாலையும் வானமும் கண்ணைக் கூசும். 80டியில் முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெறும் வெள்ளைக் காகிதமாகப் போய்விடும். வானத்துக்கு வைத்தால் முகம் கரி. பாக்கெட்டில் இரண்டையும் ஓரளவு காப்பாற்றி, பிறகு டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளில் உட்கார்ந்து சமன் செய்யலாம். அதற்கு உட்கார ஆளும் நேரமும் வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதே காட்சியை 80டியிலேயே எடுக்க இன்னொரு வழியும் உண்டு. காலை எட்டு மணிக்குள் எடுங்கள், வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்றை முகத்துக்கு எதிரே யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்தது தகரக் கூரை. பழைய டி.எஸ்.எல்.ஆர்கள் வீடியோ எடுக்கும்போது சென்சாரின் எல்லா வரிகளையும் படிப்பதில்லை. சிலவற்றைத் தாண்டித் தாண்டிப் படித்துப் படத்தைச் சின்னதாக்கும். அதனால் நெருக்கமான கோடுகள் இருக்கிற இடத்தில், இல்லாத வளைவுகளும் வானவில் நிறங்களும் நெளியும். லயத்து வீட்டின் தகரக் கூரையைத் தூரத்தில் இருந்து எடுத்துப் பாருங்கள், கேமரா மெல்ல நகரும்போது கூரை நெளிகிற மாதிரி இருக்கும். உங்கள் 80டியைக் கொண்டுபோய் அந்த ஃபிரேமை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். நெளிந்தால் கொஞ்சம் கிட்டப் போய் எடுங்கள், அல்லது கூரையை ஃபோகஸுக்கு வெளியே தள்ளுங்கள்.

வெயில் கணக்கு ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். சினிமாவில் ஷட்டர் வேகம் பொதுவாக ஃபிரேம் வேகத்தின் இரண்டு மடங்கு. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 1/50 விநாடி. அப்போதுதான் கை கால் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100 வைத்தால், 1/50 ஷட்டருக்கு எஃப் 22 வரை லென்ஸின் திறப்பை மூட வேண்டிவரும்; எஃப் எண் ஏற ஏறத் திறப்பு சின்னதாகும். நீங்களோ பின்னணி கரையவேண்டும் என்று எஃப் 2.8 கேட்பீர்கள். நடுவில் 6 ஸ்டாப். ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் இன்னும் 2, ஆக 8 ஸ்டாப். அவ்வளவு வெளிச்சத்தை லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி வெட்டவேண்டும். அதுதான் என்.டி. ஃபில்டர். 80டிக்குள்ளும் அது கிடையாது, பாக்கெட் 6கேக்குள்ளும் கிடையாது. 2021இல் வந்த 6கே புரோவில்தான் 2, 4, 6 ஸ்டாப் ஃபில்டர்களை உள்ளேயே வைத்தார்கள். வாடகைக்குக் கேட்கும்போது புரோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நல்ல என்.டி. ஃபில்டர் ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள். அது எந்தக் கேமராவுக்கும் உதவும். மட்டமான ஃபில்டர் தோலின் நிறத்தைப் பச்சையாகவோ பழுப்பாகவோ மாற்றிவிடும், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இனி பாக்கெட் 6கேயில் இல்லாதவை. நடக்கிற ஆளைத் தொடர்ந்து தானே ஃபோகஸ் பிடிக்காது. பொத்தானை அழுத்தினால் ஒருமுறை பிடிக்கும், அவ்வளவுதான். உங்கள் 80டி இந்த விஷயத்தில் கெட்டிக்காரக் கேமரா. திரையில் முகத்தைத் தொட்டால் பின்தொடரும். பாடிக்குள் நடுக்கம் தாங்கும் வசதி பாக்கெட்டில் இல்லை. பின்திரை 5 அங்குலம், பெரிதுதான், ஆனால் மடங்காது, வெயிலில் பார்க்கச் சிரமம். பேட்டரி உங்கள் 80டியின் அதே எல்பி-இ6 வகை, ஆனால் அதில் ஒரு மணி நேரம் ஓடினால் பெரிது. அப்புறம் பதிவைச் சேமிக்க வேண்டிய இடம். ரா எவ்வளவு சுருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும். விநாடிக்கு 100 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 360 ஜிபி. எஸ்.எஸ்.டி, அதைக் கட்ட ஒரு கூண்டு, கூடுதல் பேட்டரி, ஃபோகஸ் பிடிக்க ஒரு ஆள், ராத்திரி எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் நகல் எடுக்க இன்னொரு ஆள். பாடி விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பாதி வழியில் பணம் தீர்ந்துவிடும்.

ஆனால் உங்களிடம் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது தம்பி. பாக்கெட் 6கேயின் லென்ஸ் வாய் கேனன் இஎஃப். உங்கள் இரண்டு லென்ஸும் அப்படியே பொருந்தும். சென்சார் அகலமும் 80டியை ஒட்டியே இருப்பதால், 50 எம்எம்மில் 80டியில் என்ன தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அதிலும் தெரியும். அதனால் இப்படிச் செய்யுங்கள். முழுப் படத்தையும் முதலில் 80டியில், நண்பர்களையே நடிக்க வைத்து, அந்த அந்த இடத்திலேயே எடுத்து, வெட்டி ஒட்டிப் பாருங்கள். எந்தக் காட்சி வேண்டாம், எந்தக் கோணம் சரியில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு கேமராவை வாடகைக்கு எடுத்தால் யோசிப்பதற்கு என்று ஒரு மணி நேரம்கூட வீணாகாது.

உங்கள் பாட்டி மரம் வெட்டுகிற விடியற்காலைக் காட்சிதான் படத்தின் உயிர் என்று நினைக்கிறேன். இருட்டோடு ஏன் வெட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக இறங்கும். அந்தக் காட்சியில் 6கேக்கு உண்மையாகவே மதிப்பு இருக்கிறது. அதன் சென்சாருக்கு ஐ.எஸ்.ஓ. 400, 3200 என்று இரண்டு அடிப்படை நிலைகள். 3200இல் இருட்டுப் பகுதி 80டி அளவுக்குப் புள்ளி புள்ளியாகக் கலங்காது. தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவினதும் வெட்டுக்கோட்டில் பால் அரும்பி, கோடு வழியாகச் சரிந்து மங்குக்குள் சொட்டுகிற குளோஸப்பை நிச்சயம் வைப்பீர்கள். அந்தப் பால்தான் ஃபிரேமிலேயே அதிக வெள்ளை. எந்தக் கேமராவானாலும் அதுதான் முதலில் எரிந்துபோகும். பாலில் கோடும் திரட்சியும் தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள், மரப்பட்டை கறுத்தால் கறுக்கட்டும். பாக்கெட்டில் ஃபால்ஸ் கலர் போட்டுப் பார்த்தால் எந்த இடம் எரிகிறது என்று நிறமாகவே காட்டும். 80டியில் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். தலைவிளக்கில் ஒரு துண்டு பட்டர் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் மெத்தென்று விழும். காட்சியை முழு இருட்டில் எடுக்க வேண்டாம். கிழக்கு வெளுக்கத் தொடங்கும் அந்த அரைமணி நேரத்தில் எடுத்தால் மரவரிசை நீலமாகப் பின்னால் தெரியும். அந்த நேரம் சீக்கிரம் போய்விடும், ஆகவே முந்தின நாளே மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்டாண்டு எங்கே நிற்கும் என்று குச்சி நட்டு வைத்துவிட்டு வாருங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோலகங்சாரில் இருபது ஆண்டாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். இரண்டு டி.எஸ்.எல்.ஆர், நானும் என் தம்பியும். இப்போது வருகிற மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் ‘சினிமாட்டிக்’ வேண்டும் என்கிறார்கள். சினிமா கேமராவுக்கு மாறித்தான் ஆகவேண்டுமா?
— ஸ்டூடியோ நடத்தும் ஒரு வாசகர், கோலகங்சார்

பதில்: அண்ணே, முகூர்த்தம் நமக்காகக் காத்திருக்காது. கெட்டிமேளம் கொட்டினால் தாலி ஏறிவிடும். அந்த நொடியில் மாமன்மார் இரண்டு பேர் குறுக்கே வருவார்கள், ஐயர் தலை மறைக்கும், போட்டோகிராபர் ஃபிளாஷ் அடிப்பார். இரண்டே பேர் நிற்கிற வேலையில் தானே ஃபோகஸ் பிடிக்காத கேமராவைக் கையில் எடுப்பது பெரிய அபாயம். பாக்கெட் வகைக் கேமரா உங்கள் வேலைக்குச் சரிப்படாது என்பது என் உறுதியான கருத்து.

இடக் கணக்கும் அப்படித்தான். நான்கு மணி நேரச் சடங்கை மேலே ஈப்போ தம்பிக்குச் சொன்ன அளவில் ராவாக எடுத்தால் 1,440 ஜிபி, இரண்டு நகல் என்றால் 3 டெராபைட்டை நெருங்கும். விநாடிக்கு 50 மெகாபிட் என்று எழுதுகிற சாதாரணக் கேமராவில் அதே நான்கு மணி நேரம் 90 ஜிபியில் அடங்கிவிடும். கல்யாண சீசனில் வாரம் இரண்டு வேலை என்று வைத்துப் பாருங்கள்.

இருந்தாலும் உங்கள் கேமராக்களுக்கு வயதாகிவிட்டது என்பதும் உண்மை. கேனன் கடைசியாக டி.எஸ்.எல்.ஆர் அறிமுகம் செய்தது 2020இல். மாற்றும் நாள் வரும்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கமோ, அல்லது ஆட்டோஃபோகஸ் நன்றாக உள்ள சின்ன சினிமா கேமராக்கள் பக்கமோ போங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த வேலி இப்போது சாய்ந்துவிட்டது. கேனன் சி70, சோனி எஃப்எக்ஸ்6 இரண்டும் 2020இல் வந்தவை. இரண்டிலும் என்.டி. ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது, முகத்தைப் பின்தொடரும். சோனி எஃப்எக்ஸ்3 2021இல் வந்தது, அதில் உள் என்.டி. கிடையாது, ஆனால் காற்றாடி இருப்பதால் நீண்ட பதிவைத் தாங்கும். 2023இல் வந்த ‘தி கிரியேட்டர்’ என்கிற ஹாலிவுட் படத்தைப் பெரும்பாலும் அந்த எஃப்எக்ஸ்3இல்தான் எடுத்தார்கள்.

பட்டுச்சேலை சரிகையில் பழைய டி.எஸ்.எல்.ஆர் காட்டுகிற நெளிவு உங்களுக்கே தெரிந்திருக்கும். புதிய கேமராக்களில் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. மாறுவதற்கு எனக்கு அதுவே நல்ல காரணமாகப் படுகிறது, கல்யாணத்தில் எல்லாரும் பார்ப்பது சேலையைத்தானே.

வாடிக்கையாளர் ‘சினிமாட்டிக்’ என்று கேட்கும்போது என்ன கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். என்னிடம் வருகிறவர்கள் காட்டுகிற மாதிரி வீடியோக்களில் எல்லாம் கேமரா நிதானமாக நகர்கிறது, ஷட்டர் 1/50இல் நிற்கிறது, பெண்ணை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள், எடிட்டிங்கில் பாதியை வெட்டி எறிந்திருக்கிறார்கள். இதில் எதற்கும் புதுக் கேமரா வேண்டாம். மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். எடிட்டிங் மேசையில் ஓர் ஆள் கூடுதலாக வேண்டும்.

கேள்வி: கோவில் மண்டபத்தில் வீடியோ எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கேமரா பழுதா? சினிமா கேமராவில் இது வராதா?
— ஒரு மாணவி, தஞ்சோங் மாலிம்

பதில்: பழுது இல்லை தங்கச்சி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. உங்கள் கேமரா 30 ஃபிரேம், 1/60இல் இருக்கும் என்று நினைக்கிறேன், இரண்டும் ஒத்துப்போகாது. மெனுவில் வீடியோ முறையை என்.டி.எஸ்.சி. (NTSC) என்பதிலிருந்து பி.ஏ.எல். (PAL) என்று மாற்றி, 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வையுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். மலிவான எல்.இ.டி. அலங்கார விளக்குகள் வேறு கணக்கில் துடிக்கும். அங்கே சினிமா கேமராவுக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு, ஷட்டரை மிக நுணுக்கமாக நகர்த்தலாம். ஆனால் அதுவும் சென்சாரை வரிவரியாகப் படிப்பதுதான், பட்டை வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். எங்கள் வட்டாரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வைக்க விரும்புகிறேன். என் மகனின் பழைய டி.எஸ்.எல்.ஆர் வீட்டில் இருக்கிறது. ஆவணப்படம் என்பதால் சினிமா கேமரா வாங்கச் சொல்கிறான் மகன்.
— ஒரு வாசகர், பாகான் செராய்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தயவுசெய்து கேமரா வாங்குவதற்காகக் காத்திருக்காதீர்கள். வீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். இது நீங்கள் ஒருவரே செய்யக்கூடிய வேலை, அதற்கு டி.எஸ்.எல்.ஆரே பொருத்தம். விளக்கும் கூண்டும் கம்பியுமாக நாலு பேர் உள்ளே நுழைந்தால் அந்த வீட்டுப் பாட்டி பேசுவதை நிறுத்திவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விடுவார்.

ஒரு தடை மட்டும் உண்டு. பல டி.எஸ்.எல்.ஆர்கள் 29 நிமிடம் 59 விநாடியில் பதிவைத் தானே நிறுத்திவிடும். அரைமணியைத் தாண்டிப் பதிவு செய்தால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் சுங்க வரி போட்டார்கள். அதற்காக வைத்த எல்லை அது. சினிமா கேமராக்களுக்கு இந்தத் தடை இல்லை. நீங்கள் செய்யவேண்டியது, கைப்பேசியில் 25 நிமிட அலாரம், சத்தமில்லாமல் அதிர்கிற மாதிரி. பேச்சு ஓயும் இடம் பார்த்து நிறுத்தி, மறுபடி பதிவைத் தொடங்குங்கள். கேமரா சூடாகிவிட்டால் சற்று ஓய்வு கொடுங்கள்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் ஒலிக்குச் செலவழியுங்கள். டி.எஸ்.எல்.ஆரில் உள்ள மைக் துளை சின்னது, உள்ளே இருக்கிற பெருக்கி இரைச்சல் போடும். சினிமா கேமராவில் தொழில்முறை மைக் செருகுகிற எக்ஸ்.எல்.ஆர் துளையும், நல்ல மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் வரும். அந்த வித்தியாசத்தை ஒரு சின்ன ரிக்கார்டரும், சட்டையில் குத்துகிற மைக்கும் ஈடுகட்டிவிடும். மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். பாட்டிகளுக்குச் சேலை மடிப்பில் உரசாத இடமாகப் பாருங்கள், கழுத்துச் சங்கிலியும் அதில் படக்கூடாது. ரிக்கார்டரில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கட்டும். கேமராவின் ஆட்டோ ஒலியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் பேச்சை நிறுத்தி யோசிக்கிற இடத்தில் எல்லாம் காற்றாடிச் சத்தம் பெரிதாக எழும். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு சேர்க்க வசதியாக இருக்கும். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்துவிட்டால் பதிவை நிறுத்திவிட்டு அவர்களோடு பேசிக்கொண்டிருங்கள். அதில் கிடைக்கிற தகவலைக் குறித்து வைத்து, மழை விட்டதும் அதையே கேள்வியாகக் கேளுங்கள்.

அவர்களை ஜன்னலுக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள், ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அவர்கள் கண் உயரத்துக்கு இறக்கி, நீங்கள் லென்ஸுக்கு ஒட்டினாற்போல உட்கார்ந்து பேசுங்கள். முகம் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். கைகளைத் தனியாக ஒரு ஷாட் எடுங்கள். பழைய அடையாள அட்டை, பால் சுமந்த காண்டா வாளி, பால் வெட்டின கத்தி ஏதாவது மிஞ்சியிருந்தால் அதையும் பகல் வெளிச்சத்தில் மேசையில் வைத்து எடுங்கள். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்குப் போனார்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், கங்காணி பெயர் என்ன, எந்த வரிசை வீடு, இவற்றையெல்லாம் பெயரோடும் இடத்தோடும் கேளுங்கள். பதிவை அன்றைக்கே இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி எழுதுங்கள். பேசியவர் சம்மதத்தையும் கேமரா முன்னாலேயே அவர் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள்.

பிறகு ஒருநாள் இதை ஆவணப்படமாக ஆக்கும்போது உங்கள் மகன் சினிமா கேமரா எடுத்து வரட்டும். தோட்டத்தின் மரங்களையும் கோவிலையும் பள்ளியையும் அப்போதும் எடுக்கலாம்.

கேள்வி: லென்ஸுக்குள் வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. எங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். புதிதாக வாங்கப்போகிற சினிமா கேமராவுக்கும் இப்படி ஆகுமா?
— ஒரு வாசகி, தைப்பிங்

பதில்: அது பூஞ்சை. ஈரப்பதம் 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கிற மின்சார டிரை கேபினெட் வாங்குங்கள். கைக்கு எட்டவில்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு மீட்டர். தோல் பையிலும் துணி அலமாரியிலும் வைக்கவேண்டாம். ஏர்கான் அறையிலிருந்து வெளியே போகும்போது பையை உடனே திறக்காதீர்கள், கண்ணாடியில் பனி பிடிக்கும்.

சினிமா கேமராவில் கூடுதல் கவனம் வேண்டும். சென்சார் சூட்டை வெளியேற்ற அதில் காற்றாடியும் துவாரங்களும் இருக்கும், அது வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். தூறல் விழுந்தால் டி.எஸ்.எல்.ஆரைத் துண்டால் மூடிக்கொண்டு இரண்டு ஷாட் எடுத்துவிடலாம். துவாரம் உள்ள பாடியோடு அந்தத் துணிச்சல் வேண்டாம், குடை பிடிக்க ஆள் இல்லாமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைச் சீக்கிரம் சுத்தம் செய்யக் கொடுங்கள். நாள்பட்டால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், அதன்பின் துடைத்தாலும் தடம் போகாது. அதுவரை அதை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்கவேண்டாம்.